ஒழுகும் படகின் நீண்ட பயணம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று வண்டிகளின் எண் பலகையிலேயே அச்சடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஊர் அது. பனி உருகி ஏரி திறந்ததும் அங்கே சில வீட்டு முற்றங்களில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். தண்ணீரில் மிதக்க வேண்டிய அலுமினியப் படகை டிரெய்லர் மேல் நிறுத்தி, அதற்குள்ளே குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள். கணுக்கால் அளவு நிரம்பியதும் ஒருவர் தரையில் முதுகு படப் படுத்துக்கொண்டு படகின் அடிவயிற்றை அண்ணாந்து பார்ப்பார். எந்த ரிவிட்டில் சொட்டுகிறது, எந்த மூட்டில் கசிகிறது என்று ஒவ்வொன்றாக அடையாளம் வைப்பார். வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீரின் வழியைக் கண்டுபிடிக்க, உள்ளிருந்து வெளியே ஓடவிட்டுப் பார்க்கிற தந்திரம்.

வீட்டில் கைப்பிடி வைத்த பழைய அலுமினியப் பாத்திரம் இருந்தால் இந்த நோய் உங்களுக்கும் பழக்கம்தான். அடி நன்றாக இருக்கும். கைப்பிடியின் ரிவிட் ஓரத்தில்தான் ரசம் கசியும். படகில் அப்படிப்பட்ட ரிவிட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு தகட்டின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறி நிற்கும். இரண்டுக்கும் நடுவே பிசினைப் போல ஏதோ ஒன்று இருக்கும். ரிவிட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். எளிமையான அமைப்பு. ஆனால் ஏறி நிற்கும் விளிம்புக்கும், நடுவில் இருக்கும் பசைக்கும், தகட்டுக்கும் தனித்தனி ஊர், தனித்தனி வயது. பசையின் கதைதான் மிகப் பழையது.

குவைத்தின் வடக்கே சபியா என்ற வறண்ட கடற்கரையில் அகழாய்வாளர்கள் கருப்புக் கட்டிகள் சிலவற்றைத் தோண்டி எடுத்தார்கள். வயது ஏறக்குறைய 7000 ஆண்டுகள். ஒரு பக்கம் நாணல் கட்டுகள் அழுந்திய தடம். மறுபக்கம், பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வளரும் கொட்டலசு. தொழில் தெரிந்தவருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நாணல் படகின் மேல் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள், அந்தப் படகு கடலில் நெடுநாள் கிடந்திருக்கிறது.

ஓமானின் கிழக்கு முனையான ராஸ் அல் ஜின்ஸில் இதே போன்ற கட்டிகள் முந்நூறுக்கு மேல் கிடைத்தன. அவை சுமார் 4500 ஆண்டுகள் பழையவை. அந்த ஊரில் நிலக்கீல் ஊறுவதில்லை. மெசபொடேமியாவிலிருந்து கடல்வழியே வந்த சரக்கு. அதனால் அங்கிருந்தவர்கள் ஒரு துளியையும் வீணாக்கவில்லை. பழைய படகிலிருந்து பூச்சை உரித்து, அடுக்கி வைத்து, அடுத்த படகுக்கு மறுபடி உருக்கியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யூப்ரடீஸ் கரையில் ஹீத் என்ற ஊரில் தரையிலிருந்தே குமிழியிட்டு வரும் நிலக்கீல், பண்டைய உலகின் பெரிய வணிகப் பொருள்களில் ஒன்று. கில்கமேஷ் காவியத்தின் வெள்ளக்கதையில் வரும் கலமும் விவிலியத்து நோவாவின் பேழையும் இந்தக் கருப்புப் பூச்சோடுதான் மிதக்கின்றன. ஈராக்கின் குஃபா என்ற வட்டக் கூடைப் படகு அண்மைக்காலம் வரை அதே பூச்சோடு ஓடியது. ஒகேனக்கல்லில் பரிசலின் அடியில் தார் பூசிக் காயவைப்பதைப் பார்த்தவர்கள் இந்த வரியில் கொஞ்சம் நின்று போகலாம்.

நிலக்கீல் கிடைக்காத ஊரில் என்ன செய்வது? எகிப்தியர்கள் படகுப் பலகைகளின் இடுக்கில் உள்ளிருந்து பாப்பிரஸ் புல்லைத் திணித்தார்கள் என்று எரொடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். இந்தியப் பெருங்கடலில் வேறு வழி பிறந்தது. இங்கே பலகையைப் பலகையோடு தைத்தார்கள். தைக்கும் நூல், தேங்காய்நார்க் கயிறு. விளிம்புகளில் துளையிட்டு, மூட்டின் மேல் நார்ச்சுருளை நீளமாக வைத்து, அதன் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து இறுக்கினார்கள். ஆணியே கிடையாது. ஏன் ஆணி இல்லை என்பதற்கு மேற்கே ஒரு கதை உலவியது: அந்தக் கடலில் காந்தமலை இருக்கிறது, இரும்பு அடித்த கப்பல் அருகே போனால் ஆணியெல்லாம் பறந்துவிடும் என்று. ஆறாம் நூற்றாண்டிலேயே பிஸாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இந்தக் கதையை நம்ப மறுத்தார். இருந்தும் கதை சாகவில்லை. நல்ல கதை ஒழுகும் படகைவிட அதிக தூரம் போகும்.

1183இல் செங்கடல் துறையான அய்தாபில் கிரானடாவின் பயணி இப்னு ஜுபைர் இத்தகைய படகு கட்டுவதைக் கவனித்தார். கயிற்றால் தைத்து, பேரீச்ச மரச் சிம்புகளை இடுக்குகளில் செருகி, பிறகு எண்ணெய் பூசுகிறார்கள். நெய் பூசலாம், ஆமணக்கெண்ணெய் பூசலாம், சுறா எண்ணெய்தான் சிறந்தது என்று குறித்துக்கொண்டார். நூறு ஆண்டுகள் கழித்து ஹோர்முசுக்கு வந்த மார்க்கோ போலோவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. இரும்பு இல்லை, கீல் இல்லை, மீன் எண்ணெய் தடவிய நார்த் தையல். இதில் ஏறுவது ஆபத்து என்று புலம்பினார். அவர் ஏறத் தயங்கிய வகைக் கப்பல் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனம் வரை போய்வந்திருந்தது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் அகப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் அதற்குச் சாட்சி. சுமார் 60,000 சீனப் பீங்கான்கள் ஏற்றியிருந்த அந்தக் கலம் முழுக்கத் தைக்கப்பட்டது. அதை ஒட்டிக் கட்டிய ‘ஜூவல் ஆஃப் மஸ்கட்’ 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பலகை தைத்தவர்களில் கேரளத்துக் கயிற்றுக் கைகளும் உண்டு.

தைத்த படகு ஒழுகுமா? ஒழுகும், தாராளமாக. ஆனால் அது வளையும். மதராஸ் கரையில் இந்தக் குணம்தான் வணிகத்தைக் காப்பாற்றியது. அங்கே துறைமுகம் இல்லாத காலம். கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே உடையும் அலை வரிசையில், ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் மணலில் மோதிப் பிளந்துபோயின. தையல் போட்ட மசூலாப் படகு மட்டும் அலை தூக்கிப் போட்டால் நெளிந்து கொடுத்து, கரையில் வந்து உட்கார்ந்தது. கவர்னர்களும் குமாஸ்தாக்களும் மணமகள்களும் முழங்கால் நனைந்துதான் மதராஸ் மண்ணை மிதித்தார்கள். துடுப்புக்காரர்களோடு தண்ணீர் இறைக்கவும் ஓர் ஆள். 1861இல் கடலுக்குள் நீளும் இரும்பு இறங்குபாலம் வந்த பிறகும் மசூலா உடனே ஓய்ந்துவிடவில்லை.

சீனர்கள் சமையலை மாற்றினார்கள். தைப்பதற்குப் பதில் இரும்பு ஆணி. இடுக்கில் சணல் நாரும் சுண்ணாம்பும் துங் மரத்து எண்ணெயும் சேர்த்து இடித்த களிம்பு. ஹோர்முசில் முகம் சுளித்த அதே போலோ, இந்தக் களிம்பைக் கண்டு மலைத்துப் புகழ்ந்தார். காய்ந்தால் கல், ஆனாலும் பலகையை விடாத பிடி. சுவான்சோவ் துறையில் 1974இல் தோண்டி எடுத்த பதிமூன்றாம் நூற்றாண்டுக் கப்பலின் இடுக்குகளில் இந்தக் களிம்பு அப்படியே இருந்தது. தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டி, 1281இல் தமிழில் கல்வெட்டு வைத்த ஊரும் அதுவே. தேங்காய்நார்ப் படகில் பழகிய கண்ணோடு அவர்கள் அந்தத் துறையில் நின்று சீனக் கப்பல்களைப் பார்த்திருப்பார்கள்.

இனி வடக்கே போவோம். அலுமினியப் படகின் எலும்புக்கூடு அங்கேதான் பிறந்தது. டென்மார்க்கின் நைடம் சதுப்பில் 1863இல் ஒரு கருவாலிப் படகு கிடைத்தது. கி.பி. 320 வாக்கில் கட்டியது. அதன் பலகைகள் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கவில்லை. மேல் பலகை கீழ்ப் பலகையின் மேல் கொஞ்சம் ஏறி நின்றது. ஏறிய இடத்தில் இரும்பு ஆணியைக் குறுக்கே செலுத்தி, உள்பக்கம் வரும் முனையில் சின்ன இரும்பு வில்லையை மாட்டி, முனையைத் தட்டி நசுக்கியிருந்தார்கள். அதாவது, ரிவிட். வைக்கிங்குகள் இதே முறையில்தான் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

ஏறி நிற்கும் விளிம்புகளுக்கு நடுவே தார் தோய்த்த கம்பளியோ விலங்கு மயிரோ இருந்தது. மற்ற நாட்டுக் கப்பல்களில் முதலில் பலகையை அடித்துவிட்டு, பிறகு வெளியிலிருந்து நாரை உளியால் திணிப்பார்கள். தூத்துக்குடித் தோணித் தச்சர்கள் கலப்பத்து என்று சொல்வது அதைத்தான். பஞ்சோ நாரோ இடுக்கில் போய், மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சு ஏறும். நார் தளர்ந்தால் மறுபடி அடிக்கலாம். வடக்கத்தி முறையில் அது நடக்காது. மெத்தையை முதலில் விரித்து, அதன் மேல் பலகையை வைத்து, ரிவிட் அடித்துவிட்டால் முடிந்தது கதை. இடுக்குக்குள் திரும்பப் போக வழியில்லை. இன்றைய அலுமினியப் படகுக்காரர் முற்றத்தில் படுத்துக்கொண்டு பெருமூச்சு விடுவதற்கு மூல காரணம் இந்த ஆயிரத்தெழுநூறு ஆண்டுப் பழைய முடிவு.

தார் எங்கிருந்து வந்தது? பைன் மரத்தின் வேரையும் கட்டையையும் குழியில் அடுக்கி, புல்மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டால் அடியில் வடியும். இந்த வேலையில் சுவீடனும் அன்று அதன் ஆட்சியில் இருந்த பின்லாந்தும் மன்னாதி மன்னர்கள். 1648இல் சுவீடன் தார் ஏற்றுமதிக்கு ஒரே கம்பெனியை நியமித்து ஏகபோகம் ஆக்கியது. ஐரோப்பியக் கடற்படைகளின் பலகையும் கயிறும் அந்தக் கம்பெனியின் தயவில் மிதந்தன. 1700இல் வடக்கே பெரும்போர் மூண்டதும் லண்டனில் வயிறு கலங்கியது. பீரங்கி இருக்கிறது, மாலுமி இருக்கிறார், தார் இல்லை! பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டு, 1705 முதல் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கு டன்னுக்கு 4 பவுண்டு ஊக்கத்தொகை கொடுத்தது. வட கரோலினாவின் நெடும்பைன் காடுகள் புகையத் தொடங்கின. கரோலினாத் தார் கயிற்றைச் சுட்டுவிடுகிறது, சுவீடன் சரக்கு போல் வராது என்று கடற்படைக்காரர்கள் முணுமுணுத்தபடியே வாங்கினார்கள். அந்தக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் காலில் ஒட்டிய தார் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. ஆனால் ‘தார்க் குதிகால்காரர்கள்’ என்று அந்த மாநிலத்தாரைக் கேலி பேசியது மட்டும் நிலைத்து, இன்று பல்கலைக்கழக விளையாட்டு அணியின் பெருமைப் பெயராகி நிற்கிறது.

இடுக்கில் திணிக்கும் நாருக்கும் இதே போல் ஓர் இருண்ட பக்கம் உண்டு. பிரிட்டனில் கப்பலில் தேய்ந்துபோன தார்க்கயிற்றைத் துண்டு போட்டு, சிறைக்கும் ஏழை விடுதிக்கும் அனுப்புவார்கள். கைதி நகத்தால் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். தார் இறுகிய கயிறு. விரல் நுனி கிழியும். ஆலிவர் ட்விஸ்ட் என்ற கதைச் சிறுவனுக்கு ஏழை விடுதியில் ஒதுக்கிய வேலை இது. 1895இல் ஆஸ்கர் வைல்ட் என்ற உண்மை எழுத்தாளருக்குக் கடுங்காவலில் கிடைத்ததும் இதுவே. இங்கிலாந்தின் மிகச் சாதுரியமான வாக்கியங்களை எழுதிய விரல்கள் கப்பல் ஓட்டைக்கு நார் உரித்தன.

அந்த நேரத்தில் மரக்கப்பலே மறைந்துகொண்டிருந்தது. இரும்புத் தகட்டுக் கப்பலில் ரிவிட் மீண்டும் அரசாண்டது. புரூனல் வடிவமைத்து 1858இல் தேம்ஸ் நதியில் இறக்கிய ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலுக்கு மட்டும் முப்பது லட்சம் ரிவிட்டுகள். ஒரு பையன் உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி எறிவான், ஒருவன் பிடித்துத் துளையில் செருகுவான், ஒருவன் தலைப்பக்கம் கனத்த இரும்பை முட்டுக் கொடுப்பான், இரண்டு பேர் மறுபக்கம் மாறி மாறிச் சம்மட்டி போடுவார்கள். இங்கே ஒரு நுணுக்கம். பழுத்த ரிவிட் ஆறும்போது சுருங்கும். சுருங்குகையில் இரண்டு தகடுகளையும் தானாகவே நெருக்கிப் பிடிக்கும். பிறகு மேல் தகட்டின் விளிம்பை மழுங்கிய உளியால் தட்டிக் கீழ்த் தகட்டோடு நசுக்கிவிட்டால் தண்ணீருக்கு வழியில்லை. நாரும் வேண்டாம், தாரும் வேண்டாம். இரும்பே இரும்புக்குக் கலப்பத்து.

அலுமினியம் இந்த வசதியைப் பறித்தது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் ஒரே ஆண்டில், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். விலை சரிந்ததும் பணக்காரர்கள் முதலில் செய்தது படகு. டைனமைட் நோபல் 1890களின் தொடக்கத்திலேயே சூரிச்சின் எஷர் வீஸ் பட்டறையில் செய்த அலுமினியப் படகு ஒன்றை இத்தாலியின் சான்ரேமோ வீட்டில் வைத்திருந்தார். 1895இல் அமெரிக்கா கோப்பையை வென்ற ‘டிஃபெண்டர்’ பாய்க்கப்பலுக்கு நத்தானியல் ஹெரெஷாஃப் நீருக்கு மேலே அலுமினியம், நீருக்குக் கீழே வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம் என்று போட்டார். உப்புநீரில் மூன்று உலோகம் ஒன்றையொன்று தொட்டால் அது கப்பல் இல்லை, பேட்டரி. அலுமினியம் கரைந்தது. கோப்பை வென்ற கப்பல் 1901இல் பழைய இரும்புக் கடைக்குப் போனது. இன்றும் அலுமினியப் படகில் துருப்பிடிக்கும் சாதாரண எஃகுத் திருகைப் போட்டுவிட்டு, ஏன் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. டிஃபெண்டருக்கு அடித்த அதே நோய்தான்.

அடுத்த திருப்பம் ஒரு வார இறுதியில் நடந்தது. பெர்லின் அருகே ஆல்ஃபிரட் வில்ம் என்ற உலோகவியலாளர் 1906இல் செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிர்வித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அளவெடுத்ததில் சுமாரான கடினம். திங்கட்கிழமை வந்து மறுபடி அளந்தால் கூடியிருக்கிறது! யாரும் தொடாமல், சும்மா கிடந்தே வலுவேறும் உலோகம். டூராலுமின் என்ற பெயரில் அது விமானங்களின் உடம்பானது. ஆனால் அதே உலோகத்தில் ரிவிட் செய்தால் பெட்டியில் கிடக்கும்போதே இறுகிவிடும், அடித்தால் வெடிக்கும். அதனால் விமானத் தொழிற்சாலைகளில் ரிவிட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து, இளகியிருக்கும்போதே அடித்தார்கள். கப்பல் பட்டறையில் உலைப் பையன். விமானப் பட்டறையில் ஐஸ்பெட்டிப் பையன்.

குளிர்ந்தபடி அடிக்கும் ரிவிட் துளையை நன்றாக நிரப்பும், ஆனால் ஆறிச் சுருங்கித் தகட்டை நெருக்காது. ஆகவே நீரில் இறங்கும் விமானங்களின் மிதவைகள் ஒழுகின. வைக்கிங்கின் தார்க் கம்பளி போல நடுவே ஏதாவது மெத்து வேண்டும், அது பெட்ரோலுக்கும் அசையாததாக இருக்க வேண்டும். பதில் வந்தது கான்சாஸ் சிட்டியிலிருந்து. 1920களில் ஜோசப் பேட்ரிக் என்பவர் கார்களுக்கு மலிவான உறைதடுப்புத் திரவம் செய்யப் பார்த்தார். கிடைத்தது நாற்றமடிக்கும் ஒரு பிசின். கழுவ எதை ஊற்றினாலும் கரையவில்லை. வேறொருவர் பாத்திரத்தையே தூக்கிப் போட்டிருப்பார். பேட்ரிக்குக்கு அந்தப் பிடிவாதமே பொருளாகத் தெரிந்தது. எதிலும் கரையாத ரப்பர் என்றால் பெட்ரோல் குழாய்க்கு ஆகுமே! 1929இல் தயோகால் கம்பெனி பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் அதன் திரவ வடிவம் விமான இறக்கைக்குள்ளிருக்கும் எரிபொருள் தொட்டிகளின் ரிவிட் மூட்டுகளில் பூசப்பட்டது.

போருக்குப் பின் அதே பிசினோடு எரிபொருளைக் குழைத்து ராக்கெட்டும் செய்தார்கள். அந்த வழியில்தான் அக்கம்பெனி விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளுக்கு வந்து சேர்ந்தது. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் ஓடம் வெடித்தபோது குற்றவாளி, மூட்டை அடைக்கும் ஒரு ரப்பர் வளையம். குளிரில் விறைத்து நெகிழ மறுத்தது. அது பேட்ரிக்கின் பிசின் அல்ல, வேறு ரப்பர். ஆனாலும் இடுக்கு அடைப்பதில் பிறந்த கம்பெனி ஓர் இடுக்கில் கெட்டது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போர்க்காலத்துக்குத் திரும்பினால், 1944இல் நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் காடுகளில் வில்லியம் ஹாஃப்மன் என்பவர் விடுமுறையில் படகு சுமந்துகொண்டிருந்தார். மரமும் கித்தானும் சேர்ந்த கனோ. ஏரிக்கு ஏரி தோளில் தூக்க வேண்டும், நனைய நனையக் கனக்கும். ஹாஃப்மன், ஹெல்கேட் போர்விமானம் செய்த குரும்மன் கம்பெனியின் உயர் அதிகாரி. தோள் வலியில் யோசனை பிறந்தது: விமானத் தகட்டிலேயே கனோ செய்தால் என்ன? குரும்மனுக்கு மிதவை புதிதல்ல. 1930லேயே கடற்படைக்கு மிதவைகள் செய்த அனுபவம் இருந்தது. அச்சின் மேல் தகட்டை இழுத்து வளைத்து, இரண்டு பாதிகளை நடுவில் ரிவிட்டால் சேர்த்தார்கள். 13 அடி நீளம், 38 பவுண்டு எடை. ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். 1945இல் விற்பனைக்கு வந்தது. நிலவில் இறங்கிய அப்போலோ கலத்தையும் பின்னாளில் இதே கம்பெனி கட்டியது என்பதைக் கனோ விற்பவர்கள் சொல்லாமல் விடுவதில்லை.

போர் முடிந்ததும் அலுமினியம் குவிந்து கிடந்தது, ரிவிட் அடிக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. பார்த்துச் செய்பவர்கள் கிளம்ப இது போதாதா? 1946இல் அலுமாகிராஃப்ட், 1948இல் லண்ட், இரண்டும் மினசோட்டாவில். இண்டியானாவில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்த ‘ஸ்டார் டேங்க்’ கம்பெனிக்குத் தர்க்கம் இன்னும் எளிது: தண்ணீரை உள்ளே நிறுத்தத் தெரிந்தவனுக்கு வெளியே நிறுத்தத் தெரியாதா? தொட்டிக் கம்பெனி ஸ்டார்கிராஃப்ட் என்று படகுக் கம்பெனியானது. இப்படி நைடம் சதுப்பின் ஏறுவிளிம்பும் விமானத்தின் தகடும் ரசாயனப் பிசினும் மீன்பிடிக்கப் போகும் குடும்பத்தின் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்தன.

டிரெய்லரில் வந்ததுதான் வினை. ஏரி மென்மையானது, சாலை அல்ல. பள்ளத்தில் டிரெய்லர் துள்ளும் ஒவ்வொரு முறையும் தகடுகள் கொஞ்சம் உரசும், துளை கொஞ்சம் நீள்வட்டமாகும், பிசின் நாற்பது வயதில் கெட்டித்து உதிரும். பின்னால் பெரிய மோட்டார் தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம். என் எண்ணத்தில், பழைய படகுகளைக் கெடுத்ததில் தண்ணீரைவிட நெடுஞ்சாலைக்குப் பங்கு அதிகம்.

பழுது பார்ப்பதும் பழைய நாடகமே. தளர்ந்த ரிவிட்டின் ஒரு பக்கம் ஒருவர் இரும்புக் கட்டியை முட்டுக் கொடுக்க, மறுபக்கம் இன்னொருவர் சுத்தியலால் தட்டி இறுக்குவார். அந்த ஜோடியை தேம்ஸ் கரையிலேயே பார்த்துவிட்டோம். முட்டுக் கொடுக்கக் கை நுழையாத இடத்துக்குத்தான் பாப் ரிவிட். அதை 1920களில் செப்பனிட்டவர் ஹாமில்டன் வைலி. தயாரித்து விற்றது பர்மிங்காமின் ஜார்ஜ் டக்கர் ஐலெட் கம்பெனி, அதாவது துணியிலும் தோலிலும் துளைக்கண் அடிக்கிற கூட்டம். வெளியிலிருந்தே அடிக்கலாம், சௌகரியம். ஆனால் சாதாரணப் பாப் ரிவிட்டின் நடுவில் துளை இருக்கும். ஒழுகலை அடைக்கப் போய்ப் புது ஒழுகலை அடித்துவைத்தவர்கள் ஏராளம். முனை மூடிய வகைதான் படகுக்கு.

பிறகு பூச்சு. தகட்டை மினுங்கத் தேய்த்து, உள்பக்கம் மூட்டு நெடுக நீர்போல் ஓடும் எபாக்ஸியை ஊற்றினால் இடுக்குக்குள் இறங்கிக் கெட்டியாகும். நம் வீட்டு எம்சீலின் நெருங்கிய உறவு. அசையும் மூட்டுக்கு பேட்ரிக்கின் பிசின் வகையான பாலிசல்ஃபைடோ பாலியுரித்தேனோ மேல், ஏனெனில் அவை இழுபடும். குளியலறை சிலிக்கோனைக் கையில் எடுப்பவரை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். காயும்போது வினிகர் நெடி அடிக்கும் வகை அலுமினியத்தை அரிக்கும். எந்த வகையானாலும் ஒருமுறை தடவிய இடத்தில் அப்புறம் வேறெதுவும் ஒட்டாது. கசியும் இடத்தைக் குறிக்கப் பென்சிலும் வேண்டாம். பென்சிலின் கிராஃபைட் ஈரத்தில் அலுமினியத்தோடு டிஃபெண்டரின் பேட்டரி வேலையைச் சின்ன அளவில் செய்யும். விமானப் பட்டறைகளில் தகட்டில் பென்சில் போடுவது குற்றம்.

ரிவிட்டையே ஒழித்துவிட்டு வெல்டிங் செய்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு; இன்று பல படகுகள் அப்படித்தான் வருகின்றன. தடித்த தகட்டுக்கு அது நன்று, மெல்லிய தகடு நெளிந்துபோகும். வெல்டிங்கின் கர்வம் ஒருமுறை பொது இடத்தில் உடைந்தும் இருக்கிறது. 1943 ஜனவரி 16 அன்று, ஓரிகனில் புத்தம்புது எண்ணெய்க் கப்பல் ‘ஸ்கெனெக்டடி’ அமைதியான துறையில் கட்டி நின்றபடியே குறுக்கே பிளந்தது. ஒரே உடம்பாக ஒட்டிய எஃகில் விரிசல் ஓடத் தொடங்கினால் நிறுத்துவார் இல்லை. ரிவிட் மூட்டு என்றால் விரிசல் தகட்டின் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். அதனால் போர்க்கால லிபர்ட்டி கப்பல்களில் விரிசலைத் தடுக்கவே இடையிடையே ரிவிட் வைத்த பட்டைகளைச் சேர்த்தார்கள். ஒழுகுவதற்குக் காரணமான இடுக்கே உடையாமல் காப்பாற்றும் இடம் என்பது மதராஸ் துடுப்புக்காரர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்திருக்காது.

அலாஸ்காவிலும் கனடாவிலும் மிதவை விமானம் ஓட்டுபவர்கள் இந்தச் சமரசத்தோடு தினமும் வாழ்கிறார்கள். மிதவைகள் இன்னமும் ரிவிட் அடித்தவை. உள்ளே பல அறைகள். ஒவ்வோர் அறைக்கும் மேலே ரப்பர்ப் பந்தால் மூடிய ஒரு துளை. காலையில் பறப்பதற்கு முன் பந்தை எடுத்து, கைப்பம்பைச் செருகி, இரவில் புகுந்ததை இறைப்பார்கள். இறைக்கையில் எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்வது வழக்கம். ஓர் அறையில் வழக்கமான மூன்று இழுப்பு ஒருநாள் பத்தானால், அன்று மாலை விமானத்தைக் கரையேற்றி, முட்டுக் கொடுக்க ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள்.